வீட்டு வானிலைக் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு: நான் ஏமாந்த விதம்

சென்ற ஐப்பசியில் ஒரு ராத்திரி. கோட்டையூரில் மழை ஊற்றுகிறது. வளவு வாசலில் நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது. கொல்லைக் கதவு ஊதிப்போய்ச் சாத்த முடியவில்லை. தீப்பெட்டியில் நாலு குச்சி உரசியும் ஒன்றும் பற்றவில்லை. சுவரில் மாட்டியிருந்த என் புது வானிலைக் கருவி மட்டும் நிதானமாகக் காட்டிக்கொண்டிருந்தது: வெப்பநிலை 26 டிகிரி, ஈரப்பதம் 68 சதவீதம்.

பக்கத்தில் நின்ற ஆச்சி, "என்னத்தா, உன் பெட்டிக்குச் சளி பிடிச்சிருச்சா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது 8,500 ரூபாய்ப் பெட்டி.

நான் வற்றல், வடகம், மோர்மிளகாய் போட்டு விற்கிறவள். ஆச்சி வீட்டு மொட்டை மாடியும் இரண்டாங்கட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். என்னோடு நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். இந்தத் தொழிலில் காய வைப்பதைவிடப் பொட்டலம் கட்டுவதுதான் சிக்கல். கலகலவென்று காய்ந்த கூழ்வடகம்கூட, காற்றில் ஈரம் இருக்கும் நேரத்தில் பையில் போட்டு ஒட்டினால் பத்தாம் நாள் நமுத்துப்போய்த் திரும்பி வரும். ஈரப்பதம் 60-க்கு மேல் போகாதபோது கட்டினால் தொந்தரவு இல்லை என்பது என் கணக்கு. அதைப் பார்க்கத்தான் கருவி வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு முன்பு ஒரு நாள் மாலையில் திடீரென்று இடிமழை வந்து, மாடியில் பரப்பியிருந்த மோர்மிளகாய் முழுக்க நனைந்த கோபமும் சேர்ந்துகொண்டது.

கைப்பேசியில் ஒரு காணொளி வந்தது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், மழை, காற்று எல்லாம் ஒரே திரையில். அழைத்துப் பேசினேன். "மேடம், வெளிநாட்டுச் சென்சார், அளவு சரிபார்த்த சான்றிதழோட தர்றோம்" என்றார் ஒருவர். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பில் என்று வந்தது வாட்ஸாப்பில் ஒரு படம். அதில் முகவரி இல்லை. பெட்டியின் மேலும் தயாரித்தவர் பெயர், இறக்குமதி செய்தவர் பெயர் எதுவுமே இல்லை. அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

பெட்டி வந்தது ஆவணியில். திருப்பித் தர ஏழு நாள் கெடு. அந்த ஏழு நாளும் நல்ல வெயில், கருவி காட்டியதெல்லாம் நம்பும்படியாக இருந்தது. மழைக்காலத்தில்தான் வெளிப்படும் குறையை வெயில் காலத்தில் விற்றால், கெடு தானாகவே முடிந்துவிடும். தெரிந்தே செய்தார்களா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் வசதியாகத்தான் அமைந்தது.

அந்தத் திரையை நம்பிக் கட்டிய 22 கிலோ கூழ்வடகம் புரட்டாசியில் கடைகளிலிருந்து திரும்பி வந்தது. சரியாகக் காய வைக்கவில்லை என்று பெண்கள் மேல்தான் கோபப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

மழை ராத்திரிக்கு மறுநாள் விற்றவரை அழைத்தேன். "சென்சார் நனைஞ்சிருக்கும் மேடம், வெயில்ல வைங்க, காய்ஞ்சதும் சரியாயிடும்" என்றார். இரண்டு நாள் கழித்து அழைத்தபோது, "ரிட்டர்ன் டைம் முடிஞ்சு போச்சே" என்றார். மூன்றாவது முறை அழைப்பே போகவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

அப்புறம்தான் உப்புச் சோதனையைக் கற்றுக்கொண்டேன். சமையல் உப்பு இரண்டு கரண்டி எடுத்து, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். உப்பு கரைந்து போய்விடக் கூடாது. அதை ஒரு மூடியில் வைத்து, வெளியே மாட்டும் சென்சாரையும் உப்பில் படாமல் அதனோடு சேர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஒரு பகல் விட வேண்டும். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். நம் ஊர் அறை வெப்பத்தில் அது பெரிதாக மாறாது. என் கருவி காட்டியது 60. உப்பை எடுத்துவிட்டு நனைத்த துணியை வைத்தேன். அப்போதும் 60. துணியிலிருந்து டப்பாச் சுவரில் நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கிறது, திரையில் 60!

பக்கத்து வீட்டுத் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பிஎம்இ280 இல்ல, பிஎம்பி280" என்றான். இரண்டும் பாஷ் நிறுவனச் சில்லுகள் (சிப்), பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். பிஎம்இ வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் அளக்கும். பிஎம்பி ஈரப்பதத்தை அளக்கவே அளக்காது. விலையும் குறைவு. பெரிய கடுகு அளவு உலோகத் தகடுதான், ஆனாலும் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும்: பிஎம்இ சதுரம், 2.5 மில்லிமீட்டருக்கு 2.5. பிஎம்பி கொஞ்சம் நீள்சதுரம், 2-க்கு 2.5. கணினியில் இணைத்து அடையாள எண்ணைக் கேட்டால் பிஎம்இ 60 என்று சொல்லும், பிஎம்பி 58 என்று சொல்லும். என்னுடையது 58 என்றது.

அப்படியானால் திரையில் வந்த ஈரப்பதம் எங்கிருந்து வந்தது? என் வடகக் கணக்கு நோட்டில் தினமும் காலை, மதியம், மாலை எழுதி வைத்திருந்தேன். தம்பி அதைப் புரட்டினான். 26 டிகிரி என்று எழுதிய இடத்திலெல்லாம் 68. 30 டிகிரி என்றால் 60. 34 என்றால் 52. மாடியில் உச்சிவெயிலில் 44 காட்டிய அன்று 32. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. 120-லிருந்து வெப்பநிலையின் இரண்டு மடங்கைக் கழித்தால் என்ன வருமோ அதுதான் என் 'ஈரப்பதம்'. வெயில் ஏறினால் குறையும், இறங்கினால் கூடும். பார்க்கிறவருக்கு இயல்பாகத்தான் தெரியும். இரண்டு மாதம் நான் வெப்பநிலையையே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

அந்த 44 டிகிரிக்குப் பாதிப் பழி என்னுடையது. சுட்டுக் கிடக்கும் மாடித் தளத்துக்கு ஒரு முழம் மேலே சென்சாரை மாட்டினால் அது காற்றையா அளக்கும், தளத்தைத்தான் அளக்கும். வானிலை நிலையங்களில் சுற்றிலும் சாய்பலகை வைத்த வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், காற்றோட்டத்தில் வைத்து அளக்கிறார்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள் ஏழு வாங்கி, மேல்தட்டைத் தவிர மற்றவற்றின் நடுவில் ஓட்டை போட்டு, விரலளவு இடைவெளி விட்டு, நீளத் திருகுகளில் கவிழ்த்து அடுக்கினோம். சென்சார் நடுவில் தொங்குகிறது. அதைக் கொல்லையில் மண்தரைக்கு ஐந்தடி உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி நட்டோம். வெயில் அப்படியேதான் இருந்தது, உச்சிப்பொழுதில் 36, 37-க்கு மேல் போகவில்லை.

திரையில் மேகப் படம் ஒன்று வரும், மழை வரும் என்று சொல்ல. அதை எந்தக் கருவியிலும் நம்பாதீர்கள், நல்ல கருவியிலும்தான். அழுத்தம் இறங்கினால் மழை என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம் பக்கம் காற்றழுத்தம் தினமும் காலை 10 மணி வாக்கில் ஏறி, மாலை 4 மணி வாக்கில் இறங்கும். ராத்திரியிலும் அதே மாதிரி ஒரு தடவை. மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் என் கருவி தினமும் மாலைக் காபி நேரத்தில் மேகத்தைக் காட்டியது. தட்டான் தாழப் பறக்கிறதா என்று பார்க்கும் ஆச்சியின் கணக்கு இதைவிடத் தேவலை.

மழைமானியையும் சோதித்தேன். உள்ளே சின்னத் தராசு மாதிரி இரட்டைக் கரண்டி இருக்கும். நிறைந்ததும் ஒரு பக்கம் சாயும். என்னுடையதில் ஒரு சாய்வுக்கு 0.3 மில்லிமீட்டர் மழை என்று கணக்கு. வாய் 11 சென்டிமீட்டர் அகலம், அதாவது பரப்பு 95 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் 95 மில்லி தண்ணீர் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மருந்துக் கடையில் சலைன் ஏற்றும் குழாய் வாங்கி, பாட்டிலில் 95 மில்லி ஊற்றி, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டேன். 33 தடவை சாய வேண்டியது 24 தடவைதான் சாய்ந்தது. திரையில் 7.2. கரண்டிக்கு அடியில் சரிசெய்யும் திருகு இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக மேலே ஏற்றினால் போதும், சீக்கிரம் சாயும். என்னுடையதில் அந்தத் திருகே இல்லை. காட்டுவதை 1.4-ஆல் பெருக்கிக்கொள்கிறேன். இன்னொன்று: இந்திய வானிலைத் துறையின் மழையளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. உங்கள் கருவி நள்ளிரவில் பூஜ்யமாகும். இரண்டையும் ஒப்பிட்டுக் கருவியைத் திட்ட வேண்டாம்.

சில்லை மாற்ற 450 ரூபாய்தான் ஆனது. தம்பி சென்னை போனபோது ரிச்சி தெருவில் உண்மையான பிஎம்இ280 வாங்கி வந்து, நிரலையும் திருத்திக் கொடுத்தான். உப்பு டப்பாவில் 73 காட்டியது, அது போதும்.

இப்போது வாங்குவதாக இருந்தால், ஈரப்பதச் சென்சாரின் பெயரை எழுத்தில் கேட்பேன். டிஎச்டி11 என்றால் வேண்டாம், வெப்பநிலையே இரண்டு டிகிரி முன்னே பின்னே காட்டும். கம்பியில்லாத கருவி 915 மெகாஹெர்ட்ஸ் என்றால் அது அமெரிக்காவுக்குச் செய்தது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த ஒதுக்கியது 865-ஐ ஒட்டிய அலைவரிசை. காற்றுவேகம் அளக்கச் சுழலும் கிண்ணத்துக்குப் பணம் கொடுக்க மாட்டேன், சுற்றிலும் உயர்ந்த வீடு இருக்கும் தெருவில் அது எதையும் சரியாக அளக்காது. பெட்டி வந்த அன்றே உப்பு டப்பாவும் சலைன் குழாயும் வைத்துச் சோதித்துப் படம் எடுப்பேன், ஏழு நாளுக்குள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். புகார் எண் உடனே கிடைத்தது. பணம் வரவில்லை. விற்றவரின் முகவரி என்ன என்று கேட்டார்கள், என்னிடம் இருந்தது தடுக்கப்பட்ட ஒரு கைப்பேசி எண் மட்டும்தான். பில்லும் முகவரியும் உள்ளவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம்.

போன வாரம் அதே காணொளி மறுபடி வந்தது. வேறு பெயர், வேறு எண், விலை 6,999. கருவி புதிய மாடலாம். நிறுத்தித் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெப்பநிலை 31, ஈரப்பதம் 58.