டாக்ஸண்ட் மணிக்கு தண்ணி டிரெட்மில், எங்க அனுபவம்

என்ற டாக்ஸண்ட் நாய் மணிக்கு நடுமுதுகுல டிஸ்க் பிதுங்கி தண்டுவடத்த அமுக்கி பின்னங்கால் ரெண்டும் போயிருச்சுங்க. பொள்ளாச்சி பக்கம் தோட்டத்துல கோழிய தொரத்திட்டு இருந்தவன், இடுப்புக்கு கீழ சாக்குமூட்டையாட்டம் இழுத்துட்டு வந்தான். ஆபரேஷனுக்கு அப்பறம் கோயமுத்தூர்ல ஒரு நாய் பிசியோ சென்டர்ல சேத்தோம், தண்ணிக்குள்ள ஓடற டிரெட்மில் இருக்குதுங்க.

கண்ணாடித் தொட்டில வெதுவெதுன்னு தண்ணி விட்டு, ஒரு பொண்ணு உள்ள எறங்கி அவன் இடுப்ப தாங்கிக்கிட்டாங்க. பாதம் மடங்கி மடங்கி போகுது, ஒவ்வொருக்காவும் நிமுத்தி பெல்ட்டுல வெச்சாங்க, பெல்ட் கால பின்னால இழுத்துட்டே போயி தொடை நல்லா நீண்டதும் டக்குன்னு கால் தானா மடங்கி முன்னால வந்துச்சு பாருங்க, அப்பறம் அடுத்த காலு. நா அழுதுட்டன்.

டாக்டர் உள்ளத உள்ளபடி சொன்னாரு, அதுக்கே அஞ்சு ஸ்டார். இது மூளை சொல்லி வெச்ச அடி இல்லீங்க, நடை தாளத்த போடற நரம்புக்கூட்டம் இடுப்புத் தண்டுவடத்துலயே இருக்குது, அடிபட்டது அதுக்கு மேல, அதனால அது கெடலன்னாரு. 1911லயே கிரஹாம் பிரவுன்ங்கற விஞ்ஞானி, தண்டுவடத்த வெட்டி காலுல இருந்து வர்ற உணர்ச்சி நரம்பயும் வெட்டுன பூனைல கூட மடக்கற தசையும் நீட்டற தசையும் மாறி மாறி வேல செய்யறத காட்டிட்டாராம். தொடை பின்னால நீள்றதுதான் "இப்ப தூக்கு"ன்னு அந்தக் கூட்டத்துக்கு போற சேதி, அதுக்குத்தான் பெல்ட்டு. இடது வலது மாறி வர்றதுக்கு குறுக்கால போற நரம்பு செல்லுக தனியா இருக்குது, எலில அதுகள எடுத்துட்டா முயலாட்டம் ரெண்டு காலும் சேத்தி குதிக்குதுன்னு 2013ல கண்டுபுடிச்சிருக்காங்க. ஆனா பேலன்சும், நெனச்ச எடத்துக்கு போறதும் மேல இருந்து சேதி வந்தாத்தான், அத இப்பவே உறுதியா சொல்ல முடியாதுன்னாரு.

கொறைன்னா சனிக்கெழம கூட்டம். அன்னிக்கு அவசரத்துல பாதத்த சரியா வெக்காம பெல்ட்ட ஓட்டி, நகம் தேஞ்சு ரத்தம் வந்துருச்சு. பாதம் வெக்கறதுதானுங்க வைத்தியமே, அதுல போயி அவசரப்படலாமா? வெயிட்டிங் ஹால்ல வழுவழு டைல்ஸ் வேற, காலு தொவண்ட நாயிக அங்க நிக்கவே முடியல, ஒரு ரப்பர் பாய் போடுங்க.

ரெண்டு மாசம் ஆச்சுங்க. மணி கட்டுத்தரை வரைக்கும் தானா போறான், திரும்பறப்ப மட்டும் சாயறான். போறவிங்க வாரநாள் காலைல முத ஸ்லாட் கேட்டு வாங்கிக்கங்க.