முக்காலி இருந்தும் நிற்கிறார்கள்

ஆனித் தேரோட்டத்திற்கு முந்தைய வாரம், நெல்லையப்பர் கோவிலை ஒட்டிய ரத வீதி ஒன்றில் உள்ள ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை எடுத்தேன். நெசவிலும் விலையிலும் குறையில்லை. கடை ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை அமைத்து, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம் முதலாளிகளுக்குக் கடமை விதித்திருக்கிறது. இங்கே முக்காலிகள் இருந்தன. அவற்றின்மேல் சேலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. "நீங்க இருங்கக்கா" என்று எனக்கு நாற்காலியை நகர்த்திய விற்பனைப் பெண், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடியே நாற்பது சேலைகளையாவது விரித்துக் காட்டியிருப்பார். கூட்டம் குறைந்தால் உட்காரலாம் என்றார் மேற்பார்வையாளர், பெட்டிகளைப் பார்க்காமலேயே. சேலைக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண், கடைக்கு ஒன்று.