பழைய ரிவரோசி ஒய்6பி: வடசென்னை வீட்டு மேசைக்குச் சரிப்படுமா?

செகண்ட்ஹேண்டில் வரும் பழைய இத்தாலிய ரிவரோசி கம்பெனியின் ஹெச்ஓ (அசலில் 87இல் ஒரு பங்கு அளவு) ரயில் மாடல்களில் ஒய்6பி நீராவி என்ஜின் பார்வைக்கு அசத்தல்தான். அசல் என்ஜினை அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே தன் சொந்த ரோனோக் பட்டறையில் 1948 முதல் 1952 வரை கட்டியது. வேலை, மலைப்பாதையில் நிலக்கரி இழுப்பது. 2-8-8-2 சக்கர அமைப்பு: முன்னே 2 சிறு சக்கரம், நடுவே இரண்டு தொகுதியாக எட்டெட்டு இயக்கு சக்கரம், பின்னே 2 சிறு சக்கரம். வகை மாலெட் காம்பவுண்ட்: ஒரே பாய்லரின் கீழ் முன்னும் பின்னுமாக இரண்டு என்ஜின் தொகுதிகள், ஒரே நீராவிக்கு இரண்டு முறை வேலை. பின்னாலுள்ள 25 அங்குல சிலிண்டரில் உழைத்த நீராவியே முன்னாலுள்ள 39 அங்குல சிலிண்டருக்குப் போய் இன்னொரு முறை உழைக்கும். அந்தப் புடைத்த முன் சிலிண்டர்தான் இந்த என்ஜினின் முகவெட்டு. மாடலில் அது நன்றாகவே வந்திருக்கிறது.

ஒரு குறை கண்ணை உறுத்தும். அசலில் பின் என்ஜின் பாய்லரோடு இறுகியிருக்கும், முன் என்ஜின் மட்டும் திரும்பும். மாடலில் இரண்டும் திரும்புகின்றன. 1929இல் நம் பெங்கால் நாக்பூர் ரயில்வே வாங்கிய, இரு தொகுதியும் திரும்பும் கேரட் வகை என்ஜினுக்கு இது பொருந்தும், மாலெட்டுக்குப் பொருந்தாது. ஆனால் 18 அங்குல ரேடியஸ் வளைவில் இது ஓடுவதே இதனால்தான். ஓடினாலும் பாய்லர் மூக்கு வெளியே துருத்தும். மூக்கில் பென்சில் கட்டி மெதுவாக ஓட்டி, விழும் கோட்டுக்கு வெளியேதான் சிக்னல் கம்பமும் சுரங்க வாயும் வையுங்கள். 22 அங்குல வளைவு போட்டால் பார்க்க லட்சணம். மேசை 125 செ.மீ. அகலம் கேட்கும். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வீடுகளில் அதைச் சுவரோரம் தள்ளினால், அந்தப் பக்கம் தடம் புரண்ட வண்டியை எடுக்கக் கை எட்டாது.

சக்கர விளிம்பு அந்தக் கால வழக்கப்படி ஆழமானது. கோட் 100 தண்டவாளத்தில் (எண், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தண்டவாள உயரம்) பிரச்சினையில்லை. கோட் 83இல் ஸ்லீப்பரின் ஆணித்தலைகளில் தட்டி, என்ஜின் குதித்தபடி போகும். லேத்தில் விளிம்பைக் குறைக்கலாம். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது இடது வலது சக்கரங்களுக்கு இடையே இருக்கவேண்டிய 90 டிகிரி கோணம் பிசகினால், சக்கரங்களை இணைக்கும் ராட் இறுகிவிடும். தண்டவாளத்தை மாற்றுவதே மேல்.

வாங்குமுன் கவிழ்த்து வைத்து, மிகக் குறைந்த வோல்டேஜில் சுழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கினால் ராட் கோணல் அல்லது சக்கரம் அச்சில் நழுவியிருக்கிறது. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். எங்கும் ஒரே மாதிரி கனமாகச் சுற்றினால் கிரீஸ் மெழுகாக உறைந்ததுதான் காரணம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, அச்சுக்கு ஒரு சொட்டு பிளாஸ்டிக்கைத் தின்னாத எண்ணெய், கியருக்கு அதே ரக கிரீஸ் கொஞ்சமாக. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலும் கரித்தூளும் எண்ணெயோடு சேர்ந்தால் கியரை அரைத்துவிடும். ஓட்டாதபோது மூடி வையுங்கள். கடற்காற்றுக்கு எஃகுத் தண்டவாளம் துருப்பிடிக்கும், நிக்கல் சில்வர் எடுங்கள்.

டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சிறு சர்க்யூட்) போடுவதாக இருந்தால் மோட்டார் பிரஷ் என்ஜினின் உலோகச் சட்டத்தைத் தொடுகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். தொட்டால் முதலில் பிரித்து இன்சுலேட் செய்யவேண்டும், இல்லையேல் டிகோடர் கருகும். 12 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை ஒரு நொடி பிடித்து நிறுத்தும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறதோ, அதற்கு மேல் தாங்கும் டிகோடர் தேவை.

டிகோடரில் போடும் என்ஜின் ஒலியில் பலர் கோட்டைவிடுகிறார்கள். 1941இல் வந்த 2-6-6-6 அலெகெனி என்ற இன்னொரு அமெரிக்க என்ஜினும் இரட்டைத் தொகுதிதான், ஆனால் காம்பவுண்ட் அல்ல. அதன் இரு என்ஜினும் புகைபோக்கி வழியே தனித்தனியாக ஊதுவதால் ஓசை சேர்ந்தும் விலகியும் கேட்கும். ஒய்6பி காம்பவுண்டாக ஓடுகையில் முன் என்ஜின் மட்டுமே ஊதும்: சக்கரச் சுற்றுக்கு நாலு 'சஃப்'. ஒலிக்கோப்பு வாங்கும்போது மாலெட் காம்பவுண்ட் என்றே கேட்டு வாங்குங்கள்.