கோப்ரா ரெப்ளிகாவுக்கு இந்தக் குளிர்காலத்தில் எந்த வேலை? இன்ஜெக்ஷனா, கியர்பாக்ஸா, பின் அச்சா?

1962-ல் அமெரிக்க ரேஸ் ஓட்டுநர் கரோல் ஷெல்பி இங்கிலாந்தின் ஏ.சி. கார்ஸ் என்ற கம்பெனியின் காருக்குள் ஃபோர்டு வி8 இன்ஜினை இறக்கினார். அப்படிப் பிறந்த கோப்ரா மொத்தமே ஏறக்குறைய ஆயிரம்தான். அவற்றில் முதல் கார் 2016-ல் ஏலத்தில் 1.375 கோடி டாலருக்குப் போனது. அதனால் இன்று சாலையில் தென்படும் கோப்ராக்களில் பெரும்பாலானவை ரெப்ளிகாதான், அதாவது அசலைப் பார்த்துச் செய்த நகல். தென்னாப்பிரிக்காவில் முக்கால்வாசி கட்டி அனுப்பும் சூப்பர்ஃபார்மன்ஸ், பேக்டிராஃப்ட் ஒரு வகை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வேர்ஹாமில் இருந்து பெட்டி பெட்டியாக வந்து, சொந்த கராஜில் நாமே பூட்டிக்கொள்ளும் ஃபேக்டரி ஃபைவ் இன்னொரு வகை. இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. அதிலும் பழைய ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை உரித்து அதன் 302 கன அங்குல (5.0 லிட்டர்) இன்ஜின், டி5 கியர்பாக்ஸ், 8.8 அங்குல பின் அச்சு மூன்றையும் அப்படியே மாட்டிய கார்.

மாசசூசெட்ஸ் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பக்கம் டிசம்பர் வந்தால் பனி உருக சாலையில் உப்பு கொட்டிவிடுவார்கள். மார்ச் முடியும்வரை இந்தக் கார் வெளியே வராது. கை சும்மா இருக்காது, பட்ஜெட்டோ ஒரு பெரிய வேலைக்குத்தான் வரும். போட்டியில் இருப்பவை மூன்று: கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்ஷன், டி5-க்குப் பதில் ட்ரெமெக் கம்பெனியின் டி.கே.எக்ஸ் கியர்பாக்ஸ், ஒற்றை பின் அச்சுக்குப் பதில் சக்கரத்துக்குச் சக்கரம் தனியாக ஆடும் ஐ.ஆர்.எஸ். எனக்குக் குதிரைத்திறனைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஏப்ரலில் வேலை பாதியில் நின்றால் கார் ஓடுமா, ஓடாதா?

முதலில் இன்ஜெக்ஷன். இதில் ஒரு வேடிக்கை. 1986-க்குப் பிறகு வந்த மஸ்டாங் 5.0 எல்லாமே இன்ஜெக்ஷன் கார்கள்தான். பானெட்டைத் திறந்தால் அறுபதுகளின் தோற்றம் வேண்டும் என்று அதைக் கழற்றி ஹோலி கார்புரேட்டரை மாட்டிய அதே ஆட்கள்தான் இப்போது அதே ஹோலி கம்பெனியின் ஸ்னைப்பர் என்ற இன்ஜெக்ஷன் செட்டை வாங்குகிறார்கள். நாலு துளை கார்புரேட்டர் உட்காரும் அதே இடத்தில் அது உட்காரும். மேலே வட்ட ஏர் கிளீனரை வைத்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. குளிர்ந்த காலையில் சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். மலை ஏறினாலும் கார்புரேட்டரில் போல ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) மாற்றும் வேலை இல்லை. ஆயிரத்துச் சொச்சம் டாலர்தான் என்று விளம்பரமும் ஆசை காட்டும்.

விளம்பரத்தில் இல்லாதது எரிபொருள் லைன். கார்புரேட்டருக்கு 6 பி.எஸ்.ஐ அழுத்தம் போதும். ஸ்னைப்பர் 58 கேட்கும். சாதாரண ரப்பர் ஹோஸை கிளாம்ப் போட்டு முறுக்கி அனுப்புகிற கதையெல்லாம் இங்கே நடக்காது. அந்த அழுத்தத்தில் சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் பீய்ச்சினால் ஃபைபர் கிளாஸ் உடம்பு மிஞ்சாது. பம்பு, ஹோஸ், திரும்பும் லைன் எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இதைவிடத் தலைவலி, புகையைப் பார்த்துப் பெட்ரோல் கலவையைச் சரிசெய்ய உதவும் ஆக்ஸிஜன் சென்சார். கோப்ராவின் பக்கவாட்டு எக்ஸாஸ்டில் ஒரு பக்கத்து நான்கு குழாயும் உடம்புக்கு வெளியே போய்த்தான் சேரும். உள்ளே ஏதாவது ஒரு குழாயில் சென்சாரை வைத்தால் ஒரே சிலிண்டரின் மூச்சைப் பார்த்து அது எட்டுக்கும் கலவை போடும். சேரும் இடத்துக்குப் பிறகு வைத்தாலோ காலை உரசும் குழாயில் சென்சாரும் வயரும் துருத்திக்கொண்டு நிற்கும். அப்புறம் ஸ்பார்க் பிளக் வயரை ஒட்டி இதன் வயரை ஓட்டினால் கம்ப்யூட்டர் குழம்பி, நடுரோட்டில் இன்ஜின் அணையும். இவ்வளவு சொன்னாலும் இந்த வேலைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: ஏப்ரலில் ஒத்துவரவில்லை என்றால் பழைய கார்புரேட்டரையும் அதன் பம்பையும் திரும்ப மாட்டி ஓட்டலாம். அதனால் பழையதை விற்றுவிடாதீர்கள்.

கியர்பாக்ஸ் கதை வேறு. மஸ்டாங்கில் வந்த டி5 தாங்கும் முறுக்குவிசை ஏறக்குறைய 300 பவுண்டு-அடி. கம்பெனி கொடுத்த 302 இன்ஜினுக்கு அது சரி. அதையே 347 கன அங்குலமாகப் பெருக்கினால் முறுக்குவிசை 400-ஐத் தொட்டுவிடும், டி5-இன் மூன்றாவது கியர் பல்லுக்கு அன்றிலிருந்து நாள் எண்ண வேண்டியதுதான். டி.கே.எக்ஸ் 600 தாங்கும். முதல் கியர் விகிதம் 2.87, ஐந்தாவது 0.68 உள்ளதை எடுத்தால், டி5-இன் 3.35 போல முதல் கியர் கிளம்பிய கையோடு தீர்ந்துபோகாது. ஆயிரத்து நூறு கிலோ சொச்சம் உள்ள காருக்கு அந்த 3.35 தேவையே இல்லை.

விலை 3,000 டாலருக்கு மேல். அது பெட்டிக்கு மட்டும். டி5-இன் உள்ளே போகும் ஷாஃப்டில் 10 பல், இதில் 26; ஆகவே கிளட்ச் பிளேட் மாற வேண்டும். வெளியே வரும் பக்கம் அதில் 28, இதில் 31. ஆகவே டிரைவ்ஷாஃப்டைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் யோக் மாற வேண்டும். டிரைவ்ஷாஃப்ட் முழங்கை நீளம்கூட இல்லாத கார் இது, அங்கே அரை அங்குலம் தப்பினாலும் பொருந்தாது. இதில் பலரும் தாண்டிப்போகும் வேலை, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூடான பெல்ஹவுஸிங்கின் அளவு பார்ப்பது. கிராங்க்கில் டயல் காட்டியைக் காந்தத்தால் ஒட்டி, முள்ளை பெல்ஹவுஸிங்கின் நடுத்துளை விளிம்பில் வைத்து, இன்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முள் மொத்தமாக அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் ஆடினால் மையம் விலகியிருக்கிறது; அதை நகர்த்திப் பிடிக்கும் ஆஃப்செட் பின் போட்டுச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டிவிட்டு, கியர் கடினமாக விழுகிறது என்று பெட்டியைத் திட்டுபவர்கள் நிறைய. இன்ஜினோடு சேர்த்துத் தூக்கி இறக்கினால், உதவிக்கு ஒரு ஆள் இருந்தால், பனிக்காலத்துக்குள் நிதானமாக முடிகிற வேலை. பாதியில் நின்றால் கார் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் பாதியில் நிற்கக் காரணம் பெரும்பாலும் வராத பார்ட்ஸ்தான்.

ஐ.ஆர்.எஸ் பற்றி நான் சுருக்கமாகவே சொல்வேன். குண்டும் குழியுமான வளைவில் ஒரு சக்கரம் துள்ளும்போது மற்றது நிலையாக நிற்கும். அந்தச் சுகம் ஓட்டியவருக்குத் தெரியும். ஃப்ரேமில் அதற்கான பிடிமானம் இல்லாவிட்டால் வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும், பிறகு திரும்பிப் போக வழியில்லை. சட்டத்தில் கைவைக்கும் வேலையைப் பனிக்கால கராஜில் தொடங்கியவர்கள் ஆகஸ்டிலும் காரைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார்கள். அந்தக் காசில் நல்ல ஷாக்கும், பின் அச்சைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடும் போட்டால் தெருவில் ஓட்டுபவருக்குப் போதும். ரேஸ் டிராக் போகிறவர், அல்லது புதிதாக இப்போதுதான் கிட் ஆர்டர் செய்பவர், தாராளமாக ஐ.ஆர்.எஸ் எடுக்கலாம். அதற்கு முன் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2314 என்று இருந்தால் 2014-ன் 23-வது வாரத்தில் வார்த்தது. அந்த வயது ரப்பரில் எந்த சஸ்பென்ஷனும் பிடிக்காது. 15 அங்குல வீலுக்குப் பலரும் போடும் பி.எஃப். குட்ரிச் ரேடியல் டி/ஏ பார்க்க அழகு. ட்ரெட்வேர் (தேய்மானம் தாங்கும் எண்) 400, அதாவது கெட்டியான ரப்பர்; புதிதாக இருந்தாலும் பிடிப்பு சுமார்தான்.

சரி, என் வரிசை: இன்ஜினைப் பெருக்கியிருந்தால் கியர்பாக்ஸ். 302 அப்படியே இருந்து, கார்புரேட்டர் காலையில் அடம்பிடிப்பது மட்டும்தான் குறை என்றால் இன்ஜெக்ஷன். கார்புரேட்டர் ஒழுங்காக ஓடுகிறது என்றால் அதையும் தொடாதீர்கள். ஐ.ஆர்.எஸ் கடைசி. எதை எடுத்தாலும் டிரைவர் கால் வைக்கும் பெட்டிக்கு வெப்பத் தடுப்பு ஒட்டுவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காரில் கோடையில் கால் வேகும், இன்ஜின் வெளியே இருக்கும்போது அந்தச் சுவர் கைக்கு எட்டும். கியர்பாக்ஸ் என்று முடிவானால் அக்டோபரிலேயே பணம் கட்டுங்கள். ஜனவரியில் எல்லோரும் அதே பெட்டியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.