மருந்துத் துகள்: உருண்டையா, புழுவா, தட்டா?

ரத்தத்தில் செலுத்தும் மருந்துத் துகள்கள் இன்றைக்கும் பெரும்பாலும் உருண்டைதான். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில், டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் கொழுப்பு உருண்டை, சுமார் 100 நானோமீட்டர் (உள்ளே மருந்து படிகமாகி நீள்வதால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காப்பிக்கொட்டை மாதிரி தெரியும், அது தனிக்கதை). உருண்டைக்கு இவ்வளவு மவுசு இருப்பதற்குக் காரணம் செய்வது எளிது என்பதுதான். தண்ணீரில் எண்ணெய்த் துளி தானாகவே உருண்டுகொள்ளும். வேறு வடிவம் வேண்டுமென்றால் மெனக்கெட வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், உடம்புக்குள் வரும் அந்நியத் துகளைக் கண்டதும் விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்களுக்கு உருண்டை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான், மருந்து போய்ச் சேரும் முன்பே விழுங்கிவிடலாம். 2006இல் அமெரிக்காவின் சான்டா பார்பராவில் சாம்பியன், மித்ரகோத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் பாலிஸ்டைரீன் உருண்டைகளைப் பிளாஸ்டிக் படலத்தில் பதித்து, சூடுபண்ணி இழுத்தார்கள். படலத்தோடு உருண்டைகளும் நீண்டன. அவற்றை எலி நுரையீரல் மேக்ரோஃபேஜிடம் கொடுத்தால், கூர்முனையில் தொட்ட செல் சில நிமிடங்களில் விழுங்கிவிட்டது, தட்டையான பக்கத்தில் தொட்டதோ 12 மணி நேரமாகியும் மேலே படர்ந்து கிடந்ததே தவிர விழுங்கவில்லை. அதே துகள், அதே செல், தொட்ட கோணம் மட்டும் வேறு!

புழு வடிவம் இதைவிட ஒரு படி மேல். 2007இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டிஷர் குழு செய்த பாலிமர் புழுக்கள் எலிகளின் ரத்தத்தில் ஒரு வாரம் வரை சுற்றின, அதே வகை உருண்டைகளைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஓட்டத்தோடு நீண்டு கிடப்பதால் செல்லில் ஒட்டினாலும் ரத்தம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

தட்டுக்கு வேலை வேறு. அது புரண்டு புரண்டு ரத்தக்குழாய்ச் சுவர்ப் பக்கம் ஒதுங்கும், நம் தட்டணுக்களும் தட்டு வடிவம்தானே. சுவரில் ஒட்ட வேண்டிய மருந்துக்கு நான் இதைத்தான் எடுப்பேன்.

சரி, செல்லுக்குள் நுழைவதில் யார் முந்தி? அங்கேதான் குழப்பம். ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) தங்க உருண்டை தங்கக் குச்சியைவிட அதிகமாக நுழைந்தது. அதே ஹீலா செல்களில், வார்ப்பில் செய்த பாலிமர் துகள்களில் 150 நானோமீட்டர் தடிமன், 450 நானோமீட்டர் நீளமுள்ள குச்சி முந்தியது. பொருளும் மேற்பூச்சும் மாறினால் முடிவும் மாறுகிறது, அதனால் 'குச்சிதான் பெஸ்ட்' என்று யாராவது அடித்துச் சொன்னால் எந்தப் பொருளில் என்று கேளுங்கள்.

புழு என்று நான் சொல்வது வளையும் புழுவை. விறைப்பான நீள இழை என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ் பக்கம் போய்விடும்: மேக்ரோஃபேஜ் முழுசாக விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் திணற, நுரையீரலில் அழற்சி வருஷக்கணக்கில் ஓடும்.