குன்னூரிலிருந்து கப்பலுக்கு: ஒயினைக் கையோடு கொண்டுபோவதா, அங்கேயே வாங்குவதா?

பர்லியார் சோதனைச்சாவடியில் “பிளாஸ்டிக் பாட்டில் ஏதும் இருக்கா?” என்ற கேள்வி நீலகிரிக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் இடமில்லை. உல்லாசக் கப்பலின் வாசலிலும் ஏறக்குறைய இதே சோதனைதான். இங்கே காட்டைக் காப்பாற்றக் கேட்கிறார்கள், அங்கே பாரின் வருமானத்தைக் காப்பாற்றக் கேட்கிறார்கள். பயணச்சீட்டை மலிவாகக் கொடுத்துவிட்டு, மதுவிலும் கேசினோவிலும் பிடித்துக்கொள்வது கப்பல் நிறுவனங்களின் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் எந்த விதி ஏன் இருக்கிறது என்பது தானாக விளங்கும்.

வெளியிலிருந்து கொண்டுவரும் மதுவில் ஒயினுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதற்கும் அதுதான் காரணம். 750 மில்லி ஒயின் என்பது 150 மில்லி வீதம் 5 கிளாஸ். இரண்டு பேர் இரண்டு ராத்திரி சாப்பாட்டோடு குடித்தால் தீர்ந்தது. அதே அளவு விஸ்கி என்றால் 30 மில்லி வீதம் 25 பெக். ஒரு ‘ஃபுல்’ உள்ளே வந்தால் நான்கு நாளைக்கு அந்த அறைக்காரர் பார் பக்கமே வரமாட்டார். அதனால் பெரும்பாலான பெரிய கப்பல்களில் விஸ்கி, ரம், பிராந்தி, ஓட்கா எதற்கும் அனுமதி கிடையாது. பல நிறுவனங்களில் பீருக்கும் இல்லை.

எந்தக் கப்பல் என்பதுதான் முதல் கேள்வி

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கிய கார்டிலியா உல்லாசக் கப்பலில் ஏறுகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்: வெளி உணவு, வெளி பானம் இரண்டுக்கும் தடை. மலையிலிருந்து பாட்டிலைச் சுமந்து இறங்குவது வீண் வேலை.

கோயம்புத்தூரில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் கப்பல் பிடிப்பவர்களுக்குத்தான் இந்த ஒப்பீடு உண்மையிலேயே தேவை. அங்கிருந்து புறப்படும் ராயல் கரீபியன் கப்பல்களில், மது அருந்தும் வயது வந்த ஒவ்வொருவரும் ஏறும் நாளில் சீல் உடையாத 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெய்ன் ஒன்றைக் கொண்டுபோகலாம். அந்த வயது ஆசியப் பயணங்களில் 18, அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பயணங்களில் 21. தமிழ்நாட்டில் 21 என்பதால் கல்லூரி படிக்கும் பிள்ளையின் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போடும் அப்பாக்கள் உண்டு. அது குடும்பத்துக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

கார்னிவல் நிறுவனக் கப்பல்களிலும் வயது வந்தவருக்கு ஒரு பாட்டில்தான். நார்வீஜியன் நிறுவனம் வேறு வழி: எத்தனை ஒயின் பாட்டில் வேண்டுமானாலும் எடுத்து வாருங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் திறப்புக் கட்டணம் கொடுங்கள் என்கிறது. 750 மில்லிக்கு 15 டாலர், ஒன்றரை லிட்டர் பாட்டிலுக்கு 30. அறையிலேயே குடித்தாலும் அந்தக் கட்டணம் உண்டு. தாராளமாகத் தெரியும் இந்த விதி, மலிவான ஒயின் வாங்குபவருக்கு உண்மையில் கறார்: 10 டாலர் பாட்டில் வாசலைத் தாண்டியதும் 25 டாலர் ஆகிவிடும். டிஸ்னி கப்பல்களில் பெரியவர் ஒருவருக்கு இரண்டு ஒயின் பாட்டில், அல்லது ஆறு பீர். வைக்கிங் கப்பல்களில் வரம்பும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே பயணச்சீட்டின் விலையே வேறு உயரத்தில் நிற்கும்.

விதிகள் சொல்லாமல் மாறும். முன்பதிவுக் கடிதத்தோடு வரும் நிபந்தனைகளில் ‘மது’ என்ற பத்தியைப் பயணத்துக்கு முந்தைய வாரம் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்தா, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்தா?

குன்னூர், ஊட்டி டாஸ்மாக் கடைகளில் ஒயின் வகை குறைவு. கிடைத்தாலும், 2022 முதல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். கப்பலேறும் பாட்டிலுக்கு அந்த 10 ரூபாய் போனதுதான்.

பெரிய சிக்கல் பணமல்ல, வெப்பம். குன்னூரின் குளிரில் இருந்த பாட்டில் 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி மேட்டுப்பாளையத்தில் ஏப்ரல் வெயிலைத் தொடும்போது, கார் டிக்கியில் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். கார்க் ஒரு நூல் அளவு எழும்பியிருந்தால் ஒயின் கசிந்திருக்கும், காற்றும் புகுந்திருக்கும். பாட்டிலை டிக்கியில் வைக்காமல் இருக்கைக்குக் கீழே, ஏசி படும் இடத்தில் படுக்க வையுங்கள். திருகு மூடி போட்ட பாட்டில் இதற்கெல்லாம் மேல். கப்பலில் கார்க் திருகி தேடும் வேலையும் மிச்சம்.

காற்றழுத்தத்தைப் பற்றிய பயம் தேவையில்லை. மலைக்கு வந்ததும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்தவர்கள் விமானத்தில் பாட்டில் வெடிக்குமோ என்று கேட்பார்கள். பறக்கும் விமானத்தின் உள்ளழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். பெட்டிகள் இருக்கும் அறைக்கும் அதே அழுத்தம்தான். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. ஊட்டியில் நின்ற பாட்டிலுக்கு விமானம் புது இடமே அல்ல.

விமானத்தில் 100 மில்லிக்கு மேல் திரவம் கைப்பையில் போகாது. ஆகவே ஒயின் செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டும். ஒயினின் மதுச்சத்து பொதுவாக 12 முதல் 15 சதவீதம். 24 சதவீதத்துக்குக் குறைந்தவற்றுக்கு விமானப் பாதுகாப்பு விதியில் அளவுக் கட்டுப்பாடு இல்லை. அதற்கு மேல் 70 சதவீதம் வரையிலான மதுவுக்கு ஆளுக்கு 5 லிட்டர் வரம்பு. ஒரு பாட்டில் கண்ணாடியோடு 1.2 முதல் 1.4 கிலோ வரும். மலையில் கேரி பேக் கிடைக்காது என்பதால் பழைய ஸ்வெட்டரே சரியான உறை: பாட்டிலைக் கைப்பகுதிக்குள் நுழைத்து, மீதியைச் சுற்றி, பெட்டியின் நட்டநடுவில் வையுங்கள். எந்தப் பக்கமும் நான்கு விரல் துணி இருக்க வேண்டும். இரண்டு பாட்டில் ஒன்றையொன்று தொட்டால் உடையும்.

ஆனால் சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கும் இடத்திலேயே தீர்வையில்லாக் கடை இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு? சிங்கப்பூரில் 18 வயது நிரம்பி, 48 மணி நேரம் அந்த நாட்டுக்கு வெளியே இருந்து, மலேசியா வழியாக வராதவர் ஒருவர் 2 லிட்டர் மது தீர்வையின்றிக் கொண்டுவரலாம். 2 லிட்டரும் ஒயினாக இருக்கலாம், அல்லது ஒரு லிட்டர் ஒயினும் ஒரு லிட்டர் பீரும். ஸ்பிரிட்ஸ் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கிடையாது. இந்திய ஒயினைத்தான் குடிப்பேன் என்கிறவரைத் தவிர மற்றவர்களுக்குச் சாங்கியே மேல்.

வீட்டு ஒயின் பற்றி ஒரு வார்த்தை. கம்பம் பன்னீர் திராட்சையில் கிறிஸ்துமஸுக்குப் போட்ட ஜாடியிலிருந்து ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதே தமிழ்நாட்டில் குற்றம். சட்டத்தை விட்டாலும், லேபிளும் தொழிற்சாலை சீலும் இல்லாத பாட்டிலை விமான நிறுவனமும் ஏற்காது, கப்பலும் ஏற்காது. நொதித்தல் முழுதாக நிற்காத ஒயின், சமவெளியின் சூட்டில் மறுபடி வேலை செய்யத் தொடங்கி மூடியைத் தூக்கி எறியும். பெட்டியில் இருக்கும் பட்டுப் புடவையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் வாசலில்

ஒயினைத் துறைமுகத்தில் பெட்டியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டரிடம் கொடுத்த பெட்டியில் பாட்டில் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும்; பெட்டி உங்கள் அறைக்கு வராது, நீங்கள்தான் பாதுகாப்பு அறைக்குப் போய் அதைத் திறந்து காட்ட வேண்டும். அனுமதி இல்லாத பாட்டிலைச் சில நிறுவனங்கள் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில் திருப்பித் தரும், சில அங்கேயே கொட்டிவிடும். ஷாம்பூ பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஊற்றி மறைத்த குவார்ட்டர் எங்கேயும் திரும்பி வராது.

பணக் கணக்கு

எண்களை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: ஒரு கிளாஸ் ஒயின் 12 டாலர், அதோடு சேவைக் கட்டணம் 18 சதவீதம், ஆக 14 டாலர் 16 சென்ட். வரம்பற்ற மது பாக்கேஜ் ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 டாலர் என்றால், அதே 18 சதவீதத்தோடு 82 டாலர் 60 சென்ட். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 5.8 வருகிறது. தினமும் ஆறு கிளாஸ் குடிப்பவருக்குத்தான் பாக்கேஜ் கட்டும். கரையில் இறங்கிச் சுற்றும் நாளிலும் அதே பணம் போகும் என்பதால் துறைமுகம் அதிகமுள்ள பயணத்தில் இன்னும் நட்டம்.

பாக்கேஜில் கண்ணுக்குத் தெரியாத முள் ஒன்று உண்டு. ராயல் கரீபியனில் ஓர் அறையில் ஒருவர் மது பாக்கேஜ் எடுத்தால், அந்த அறையிலுள்ள மற்றப் பெரியவர்களும் எடுக்க வேண்டும். கணவர் குடிப்பவர், மனைவி தொடாதவர் என்ற நம் வீட்டு நிலவரத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. 4 ராத்திரிக்கு 330 டாலர் கொடுத்து அந்த அம்மா எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருப்பார். கார்னிவலில் வேறு கட்டுப்பாடு: ‘வரம்பற்ற’ என்று பெயர், ஆனால் 24 மணி நேரத்தில் 15 மதுபானம்தான்.

கையோடு கொண்டுவந்த 25 டாலர் பாட்டில் கிளாஸுக்கு 5 டாலர். சாப்பாட்டு அறையில் திறப்புக் கட்டணம் 15 டாலர் கேட்டாலும் கிளாஸ் 8 டாலரில் நிற்கும். தம்பதியின் இரண்டு பாட்டிலில் 60 முதல் 90 டாலர் மிச்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கிளாஸ் கணக்கில் வாங்காதீர்கள், முழு பாட்டிலாக வாங்குங்கள். மிச்சத்தைப் பரிமாறுபவர் அறை எண் எழுதி எடுத்துவைத்து மறுநாள் கொண்டுவருவார். இந்த வசதி பலருக்குத் தெரியாது, கேட்டால்தான் சொல்வார்கள்.

கப்பலில் இருக்கும் தீர்வையில்லாக் கடையில் வாங்கும் பாட்டிலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை உடனே தரமாட்டார்கள்; கடைசி ராத்திரிதான் கைக்கு வரும். அது ஊருக்குக் கொண்டுபோக மட்டும். இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை தீர்வை இல்லை.

மது அல்லாதவை

குளிர்பானத்துக்கு ராயல் கரீபியனில் அறைக்கு 12 டின் வரை அனுமதி. சுமப்பதற்கு மதிப்பில்லாத சமாச்சாரம். தண்ணீருக்குக் காலி ஸ்டீல் பாட்டில் போதும். பஃபேயில் இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம்.

நீலகிரிக்காரர் உண்மையில் ஏங்கப்போவது டீக்குத்தான். டீத்தூளுக்குப் பெரும்பாலான கப்பல்களில் தடையில்லை, சீல் போட்ட 100 கிராம் பாக்கெட் தாராளம். ஆனால் கெட்டிலும் இமர்ஷன் ராடும் தீ அபாயம் என்று பிடுங்கப்படும். பஃபேயில் வரும் வெந்நீர் கொதிநிலைக்குக் கீழேதான் இருக்கும். பாலோடு கொதிக்கவிட வேண்டிய டஸ்ட் டீ அதில் சாயம் இறங்குமே தவிர ருசி இறங்காது. ஆகவே இலைத் தேயிலையோ கிரீன் டீயோ எடுத்துப்போங்கள். கொதிக்காத நீரிலும் அவை இறங்கும். ஒரு சிறிய ஸ்டீல் வடிகட்டி, மூடி உள்ள ஃப்ளாஸ்க். காலை ஆறு மணிக்கு, பஃபேயில் கூட்டம் சேருமுன் ஃப்ளாஸ்க்கை நிரப்பிவிட்டால் பத்து மணி வரை கவலையில்லை.