நீர்க்கட்டியைக் கரைப்பதாகச் சொல்லி ₹38,500 பிடுங்கிவிட்டார்கள்: பிசிஓடி உள்ளவர்கள் படியுங்கள்

இன்று மதியம் அந்தக் ‘கருத்தரிப்புப் பயிற்சி’க்காரர்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். போனது ₹38,500. சூட்டோடு எழுதிவிடுகிறேன். இரண்டு நாள் போனால் ‘விடும்மா, போனது போகட்டும்’ என்று வீட்டில் என் வாயை அடைத்துவிடுவார்கள்.

பெயர் போடவில்லை. எல்லாமே போனில் நடக்கும் திட்டம். மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், மூன்றே மாதத்தில் பிசிஓடி (சினைப்பையில் நீர்க்கட்டி என்பார்களே, அதுதான்) சரியாகி இயற்கையாகக் கரு தங்கும் என்று ரீல்ஸுக்கு நடுவில் விளம்பரம் வருமே, அந்த ரகம்.

எனக்கு பிசிஓடி இருப்பது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். பீரியட்ஸ் இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளித்தான் வரும். டாக்டர் எழுதிக் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். ஆடித் திருவிழாவுக்கு எங்கள் சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போன இடத்தில், சொந்தக்காரர் ஒருவர் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் “இன்னும் விசேஷம் எதுவும் இல்லையா?” என்று கேட்டார். அன்று ராத்திரிதான் அந்த விளம்பரத்தைத் தொட்டேன். உடனே போன் வந்துவிட்டது.

அந்த போன் பேச்சை விவரமாகச் சொல்ல வேண்டும், ஆளைப் பிடிப்பதே அங்கேதான். பேசிய அம்மா பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. “சாப்ட்டியா கண்ணு?” என்றுதான் ஆரம்பித்தார். நம்ம ஊர்ப் பேச்சு. மாமியார் ஏதாவது சொல்கிறாரா, வீட்டுக்காரர் அனுசரணையாக இருக்கிறாரா, தூக்கம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி அரை நாள் உட்கார்ந்தாலும் உள்ளே இதையெல்லாம் கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. நான் அழுதேன். “அழுதுடு கண்ணு. அடுத்த வருஷம் இந்நேரம் உன் மடியில குழந்தை இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு” என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் ₹38,500 கட்டினோம். என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். சீட்டைத் தள்ளி எடுத்த பணம் அது.

வந்தது ஒரு டப்பா பொடி, ஒரு சாப்பாட்டுப் பட்டியல், முட்டை வெளியாகும் நாளைப் பார்க்கச் சிறுநீரில் வைக்கும் ஸ்ட்ரிப் கொஞ்சம். பொடி நீர்க்கட்டியைக் கரைத்துவிடுமாம். மெட்ஃபார்மினை நிறுத்தச் சொன்னார்கள். முட்டை வளர டாக்டர் அடுத்து லெட்ரோசோல் மாத்திரை கொடுக்கலாம் என்றிருக்கிறார் என்றேன். “ஐயோ, அது கேன்சர் மாத்திரை, நம்ம நாட்டுல தடை பண்ணினது” என்று பயமுறுத்தினார்கள்.

ஸ்ட்ரிப்பில் ஒரு நாள் இரண்டு கோடும் அழுத்தமாக வந்தது. போட்டோ அனுப்பியதும் வாட்ஸ்அப் குரூப்பே கொண்டாடியது. “முட்டை வெடிச்சிருச்சு, நம்ம பொடி வேலை செய்யுது!” அதன் பிறகு நாள் தள்ளிப்போனது. “டெஸ்ட் எல்லாம் பண்ணாத, நல்ல செய்தியாத்தான் இருக்கும்” என்றார்கள். அத்தை என்னைத் தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை. கடைசியில் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் ஒற்றைக் கோடு. அன்று அத்தையின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. இதற்கு யார் பொறுப்பு?

கேட்டேன். “உடம்பு சுத்தமாகிட்டு இருக்கு” என்றார்கள். மறுபடி கேட்டேன். இந்த முறை வேறு பெண். “அரிசி சாப்பிட்டிருப்பீங்க மேடம், ஸ்ட்ரெஸ் எடுத்திருப்பீங்க.” பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ரீஃபண்ட் டீம் பார்க்கும் என்றார்கள். அந்த டீமுக்கு போன் கிடையாது, மெயில்தான். மெயில் போட்டால் ‘உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்’ என்று தானாக ஒரு பதில் வருகிறது, அவ்வளவுதான். அப்புறம் சொன்னார்கள் பாருங்கள், அடுத்த கட்டத் திட்டத்தில் சேர்ந்தால் ₹38,500-ல் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார்களாம்! நுகர்வோர் புகார் கொடுப்பேன் என்றேன். பிளாக்.

இதற்கு நடுவில் பழைய டாக்டரிடமே போய் ஸ்கேன் எடுத்தேன். முட்டை எதுவும் வளரவே இல்லை. அந்த ஸ்ட்ரிப் பார்ப்பது எல்ஹெச் என்ற ஹார்மோனைத்தான். பிசிஓடி இருக்கும் பலருக்கு அது சாதாரணமாகவே கூடுதலாக இருக்குமாம். அதனால் முட்டை வெளிவராவிட்டாலும் ஸ்ட்ரிப் பாசிட்டிவ் காட்டலாம். நீர்க்கட்டி என்று நாம் சொல்வது கட்டியே இல்லை. வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். அதில் கரைக்க என்ன இருக்கிறது? லெட்ரோசோலை மார்பகப் புற்றுநோய்க்கும் கொடுப்பது உண்மை. குழந்தைப்பேறு சிகிச்சைக்கு 2011-ல் இங்கே தடை செய்ததும் உண்மை. ஆனால் 2017-ல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். இன்று பிசிஓடியில் முட்டை வளர டாக்டர்கள் முதலில் எழுதுவதே அதைத்தான். பாதி உண்மையைச் சொல்லி என் சிகிச்சையை நிறுத்தியிருக்கிறார்கள். ₹38,500-ஐ விட, வீணாய்ப் போன அந்த மாதங்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். முட்டை வளர்ந்ததா, வெடித்ததா என்பதை ஸ்கேனில் பார்த்து உறுதி செய்யுங்கள், ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பாதீர்கள். தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், சர்க்கரை பார்க்காமல், வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை பற்றிப் பேச்சே எடுக்காமல் பேக்கேஜ் விற்றால் போனை வைத்துவிடுங்கள். என்னிடம் இதில் ஒன்றைக்கூட அவர்கள் கேட்கவில்லை. பெண்ணின் மலட்டுத்தன்மையைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதே 1954-ம் வருடச் சட்டப்படி குற்றம். காசு இல்லையென்றால் நம்ம சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில் மகளிர் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். ₹38,500-ஐ விடுவதாக இல்லை. இதே மாதிரி பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பொடி டப்பா எதையும் தூக்கிப் போடாதீர்கள். குரூப்பிலிருந்து அவர்கள் உங்களை நீக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள். நான் எடுப்பதற்குள் என்னை நீக்கிவிட்டார்கள்.